பிராட்வேயில் பிறந்த ஓவியப் பள்ளியும் வடக்கே வராத கலைக்கூடமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வட சென்னையின் தண்டையார்பேட்டைக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஓவியக் கண்காட்சிக்குக் கூட்டிப்போக நினைத்தால், முதலில் பஸ் ஏற வேண்டும். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமி இருக்கிறது. நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, அடையாறு என்று தனியார் கூடங்கள் இருக்கின்றன. இன்னும் தெற்கே போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமம். சென்னையில் படம் பார்க்கப் போகும் இடம் என்று மனசுக்கு வருவதெல்லாம் கூவத்துக்குத் தெற்கே. வடக்குக்குக் கிட்டத்தில் இருப்பது எழும்பூர் அருங்காட்சியகம்தான்.

இதை இயல்பான நிலை என்று எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். ஆனால் இந்த ஊரில் நவீன ஓவியக் கல்வி தொடங்கிய இடம் ஜார்ஜ் டவுன். சோழமண்டலம் வரைக்கும் நீளும் கதையின் முதல் அறை, இன்று பிரகாசம் சாலை என்று பெயர் மாறியிருக்கும் பிராட்வேயில் இருந்தது. அங்கே தொடங்கியது எப்படித் தெற்கே நகர்ந்தது, நகர்ந்த இடத்தில் எது அதை நிற்க வைத்தது, வடக்கே ஒரு சமூகக் கலைக்கூடம் எழ என்ன வேண்டும் என்பவைதான் இந்த ஆய்வின் கேள்விகள். வட சென்னையில் ஓவியருக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. படத்தை மாட்டும் சுவரும், அந்தச் சுவரை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றும் வருமானமும், சாவியை வைத்துக்கொள்ளும் ஒரு கூட்டமும் ஒரே இடத்தில் சேரவில்லை என்பதே என் வாதம்.

தொழிலுக்காகத் தொடங்கிய பள்ளி

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் பாப்பம்ஸ் பிராட்வேயில் தம் சொந்த முயற்சியில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தொழிற்பிரிவும் சேர்ந்தது. வரைதல், செதுக்குதல் ஆகியவற்றோடு மண்பாண்டமும் அங்கே கற்பிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அரசு அதை ஏற்று, தொழிற்கலைப் பள்ளி என்று பெயரிட்டு, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் பெரியமேட்டுப் பக்கம் கொண்டுபோனது. அரசினர் கவின்கலைக் கல்லூரி இன்றும் அங்கேதான் இருக்கிறது. சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

அரசு ஏன் ஏற்றது என்பதைக் கவனிக்க வேண்டும். கலையை வளர்க்கும் பெருந்தன்மை ஒரு பக்கம் இருந்திருக்கலாம். பெரிய நோக்கம் தொழில்: நில அளவைக்கும் பொதுப்பணிக்கும் வரைவாளர் தேவை, அச்சுக்குச் செதுக்குபவர் தேவை, வெளிநாட்டுச் சந்தைக்குக் கைவினைப் பொருள் தேவை. பின்னால் பள்ளியின் பொறுப்புக்கு வந்த ராபர்ட் சிஷோமும் ஈ.பி. ஹேவலும் இந்தியக் கைவினை மரபின் பக்கம் கவனத்தைத் திருப்பினார்கள். 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் இதே வளாகத்தில் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்க, சில ஆண்டுகளில் அது தனி நிறுவனமாகவே பிரிந்தது. நம் வீட்டு அலுமினியக் குண்டான்களின் முன்னோடிகள் ஓர் ஓவியப் பள்ளியின் பட்டறையில் உருவாயின என்பதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

பட்டறைதான் பள்ளியைத் தாங்கியது. பட்டறை இருந்ததால் அரசு பணம் கொடுத்தது, பணம் வந்ததால் ஆசிரியர் இருந்தார், ஆசிரியர் இருந்ததால் ஓவியமும் சிற்பமும் பக்கத்திலேயே வளர்ந்தன. நூறு ஆண்டு கழித்து ஈஞ்சம்பாக்கத்திலும் இதே ஏற்பாட்டைப் பார்க்கப் போகிறோம்.

1929இல் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌதுரி பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். கடற்கரையில் நான்கு பேர் பாறையை நெம்பித் தள்ளும் உழைப்பாளர் சிலை அவர் வார்த்தது. 1959இல் அங்கே நிறுவப்பட்டது. ஆலைத்தொழிலாளியும் துறைமுகக் கூலியும் மூட்டை தூக்குபவரும் நெருக்கி வாழ்ந்த பகுதி வட சென்னை. அவர்களின் உடலுக்கு இந்த நகரம் எழுப்பிய மிகப் பெரிய கலைச் சின்னம் மெரினாவில் நிற்கிறது. சிலை அங்கே இருப்பதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பெரம்பூர் ஆலை வாசலில் ஒன்று நின்றிருந்தால், அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் களிமண்ணைக் கையில் எடுத்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆதரவாளரோடு நகர்ந்த மேடைகள்

ஓவியத்துக்கு மட்டும் நடந்த கதை என்று இதைச் சொல்ல முடியாது. கர்நாடக இசையின் பழைய சபைகள் ஜார்ஜ் டவுனில்தான் இயங்கின. ஆர்மேனியன் தெருவில் 1915இல் எழுந்த கோகலே ஹால் கச்சேரிக்கும் அரசியல் சொற்பொழிவுக்கும் பேர் போன இடம்; அன்னி பெசன்ட் அங்கே பேசினார். வியாபாரமும் வீடும் ஒரே தெருவில் இருந்த காலம் அது. வக்கீல்களும் வணிகர்களும் மயிலாப்பூர், தியாகராய நகர் என்று குடிபெயர்ந்ததும் சபைகளும் பின்னாலேயே போயின. கடையும் கிடங்கும் வடக்கே தங்கின. ரசிகரின் சாயங்காலம் தெற்கே போனது.

ஓவியம் வாங்குபவரும் அதே வழியில் போனார். படத்துக்குச் சட்டம் போடும் கடை பூக்கடைப் பக்கம், காகிதம் ஆண்டர்சன் தெருவில். ஓவியர் பொருள் வாங்க வடக்கே வருவார், படத்தை விற்கத் தெற்கே போவார். இன்றைக்கும் பெரும்பாலும் இப்படித்தான்.

ஈஞ்சம்பாக்கம்: சொந்தக் காலில் நின்ற கூடம்

சென்னையில் ஒரு கலைஞர் சமூகம் தானே நிலம் வாங்கி, தானே கட்டி, தானே நடத்தும் கூடம் என்றால் சோழமண்டலம்தான். வட சென்னையில் யாராவது இப்படியொரு முயற்சியில் இறங்கினால் முதலில் படிக்க வேண்டிய பாடமும் அதுவே.

கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். ராய் சௌதுரியிடம் பயின்று, 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கி, 1957இல் கல்லூரியின் முதல்வரானார். அவர் கண்முன் இருந்த பிரச்சினை எளிமையானது, கொடுமையானது. ஆண்டுதோறும் திறமையான பிள்ளைகள் கல்லூரியிலிருந்து வெளியே வருவார்கள். ஓவியத்தை நம்பிப் பிழைக்க வழியில்லை. விளம்பர நிறுவனத்திலோ நெசவு வடிவமைப்பிலோ பள்ளி ஆசிரியர் வேலையிலோ சேர்வார்கள். கொஞ்ச நாளில் தூரிகை காய்ந்துவிடும்.

பணிக்கர் அரசுக்கு மனு எழுதிக் காத்திருக்கவில்லை. மாணவர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து கைவினைச் சங்கம் அமைத்தார்கள். மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி, தோல் வேலை போன்ற கைப்பொருள்களைச் செய்து கண்காட்சி வைத்து விற்றார்கள். பாத்திக் நன்றாகவே போனது. அந்தப் பணத்தைச் சேர்த்து, மாமல்லபுரம் போகும் சாலையோரம் கடற்கரை மணல்நிலத்தை வாங்கினார்கள். 1966இல் கலைஞர் கிராமம் பிறந்தது. அன்றைக்கு அங்கே சவுக்கும் பனையும் மணலும்தான். குடிசை போட்டுத் தங்கினார்கள். நேரத்தில் ஒரு பங்கு கைவினைக்கு, மீதி ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். ஜே. சுல்தான் அலி, எம். சேனாதிபதி, எஸ். நந்தகோபால், கே. ராமானுஜம், பி. கோபிநாத், எஸ்.ஜி. வாசுதேவ் என்று பின்னாளில் சென்னை ஓவிய இயக்கத்தின் முகங்களாக ஆனவர்கள் அந்த மணலில் வேலை செய்தவர்கள்.

பணிக்கர் 1977இல் மறைந்தார். தலைவர் போனதும் இத்தகைய கூட்டமைப்புகள் கலைவதே வழக்கம். சோழமண்டலம் கலையவில்லை. நிலம் அவர்களுடையது என்பதே முதல் காரணம் என்று நான் கருதுகிறேன். வாடகைக் கட்டடத்தில் இருந்திருந்தால் உரிமையாளரின் பிள்ளைகள் காலத்திலேயே முடிந்திருக்கும். பொதுவான கூடத்திலிருந்து வரும் வருமானம் பொதுச்செலவுக்குப் போவது இரண்டாவது காரணம். இண்டிகோ, லெபர்னம் என்ற இரண்டு காட்சி அறைகளை வெளி ஓவியர்களுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். 2009இல் சென்னை ஓவிய இயக்கத்துக்கென்று அங்கே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கல்லூரியில் உருவானவர்களின் படைப்புகளைத் தொகுப்பாகப் பார்க்க அதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை.

இதை அப்படியே தூக்கிக் காசிமேட்டில் வைக்க முடியாது. 1966இல் ஈஞ்சம்பாக்கத்து மணலை ஓவியர்கள் கூட்டாக வாங்க முடிந்தது. இன்று ராயபுரத்தில் ஒரு கிரவுண்டின் விலையைக் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும். தவிர, சோழமண்டலம் கலைஞர் ஊரைவிட்டு விலகிப்போய் உருவாக்கிய இடம். அமைதி வேண்டும், கடல் வேண்டும், நகரத்தின் இரைச்சல் வேண்டாம் என்று போனவர்கள். வட சென்னைக்கு வேண்டியது நேர் எதிரானது. தெருவுக்குள்ளேயே, இரைச்சலுக்கு நடுவிலேயே, காய்கறி வாங்கப் போகும் வழியில் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். அவர்கள் கண்காட்சியிலிருந்து தொடங்கவில்லை. பிழைப்பிலிருந்து தொடங்கினார்கள், கூடம் பிறகு வந்தது.

அதே காலத்தில் வடக்கே

வட சென்னைக்குக் கூட்டாக இடம் உருவாக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இந்தியாவின் முதல் ஒழுங்கமைந்த தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27ஆம் தேதி பிறந்தது பின்னி ஆலைகளின் நிழலில். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு பஜனை சபைக்குப் போய்ச் சேருகிறோம். டிமெல்லஸ் சாலையில் ஸ்ரீ வெங்கடேச குணாம்ருத வர்ஷிணி சபை என்று ஒன்று இருந்தது. சமயச் சொற்பொழிவு கேட்கப் பின்னியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அங்கே கூடுவார்கள். சபையை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அவர்கள் குறைகளைக் காதில் வாங்கினார்கள். அன்னி பெசன்ட்டோடு பணியாற்றிய பி.பி. வாடியாவைத் தேடிப்போய் அழைத்துவந்தார்கள். திரு.வி.க. சேர்ந்தார். பஜனைக்குக் கூடிய கூட்டத்திலிருந்து சங்கம் எழுந்தது.

ஆலை வாசலுக்குப் பக்கத்தில், வேலை முடிந்து வீடு திரும்பும் பாதையில், உள்ளே வர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத ஓர் அறை இருந்ததால் நடந்த காரியம் அது. அந்த அறைக்குப் பொறுப்பாக இரண்டு பேர் இருந்தார்கள் என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

பிறகு வந்த படிப்பகங்களும் அந்த வழியில் வந்தவையே. 1949 செப்டம்பரில் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். அந்தக் காலத்துக்கு முன்னும் பின்னும் எல்லாக் கட்சிக்காரர்களும் தெருமுனையில் படிப்பகம் வைத்தார்கள். ஒரு மேசை, ரெண்டு பெஞ்சு, நாலு பத்திரிகை, சுவரில் தலைவர் படம், மாலையில் கேரம் போர்டு. படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், தெரியாதவர் கேட்பார். மன்றங்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் அம்பேத்கர் பெயரிலான இரவுப் பாடசாலைகளும் இதே வகைதான். சந்தா கட்டுபவர் பத்துப் பதினைந்து பேர், சாவி பக்கத்து டீக்கடையில். வட சென்னையின் சமூகக் கட்டுமானம் என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் நான் படிப்பகத்தைத்தான் சுட்டுவேன். அதன் சுவரில் ஓவியத்துக்கு இடம் கிடைக்கவில்லை என்பதுதான் குறை.

ஓவியம் இல்லாமலா இருந்தது? தெரு முழுக்க இருந்தது. தண்டையார்பேட்டை அகஸ்தியா 1967இல் திறந்தது. மகாராணி, பாரத், கிரவுன் என்று வரிசையாகத் தியேட்டர்கள் இருந்தன. படம் மாறும் வாரத்தில் வாசலில் ஏறும் பேனரைப் பார்க்கத் தனிக் கூட்டம் வரும். துணியில் கட்டம் போட்டு, சின்னப் புகைப்படத்தை இருபது முப்பதடி முகமாகப் பெருக்கி, கன்னத்தில் நீலமும் பச்சையும் தீட்டித் தூரத்தில் சதையாகத் தெரியவைக்கும் அந்த வித்தையைச் செய்தவர்களில் பலர் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. பட்டறையில் டீ வாங்கிக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, பின்னணி தீட்டப் பழகி, எழுத்துக்கு வந்து, கடைசியில் முகத்துக்கு வருவார்கள். சுவரெழுத்து எழுதியவர்கள், விசைப்படகின் முகப்பில் பெயர் எழுதுபவர்கள், லாரிப் பலகை தீட்டுபவர்கள், கோயில் திருவிழாவுக்குத் திரைச்சீலை எழுதியவர்கள் எல்லாரும் இதே மாதிரி தொழில் பழகியவர்கள்தான்.

படம் ஓடி முடிந்ததும் அந்தத் துணியை இறக்கி, வெள்ளையடித்து, அதன்மேலேயே அடுத்த முகத்தைத் தீட்டுவார்கள். ஆகவே ஒன்றும் மிஞ்சவில்லை. 2000த்தை ஒட்டி ஃபிளெக்ஸ் அச்சு பரவியதும் தொழிலே போனது. அகஸ்தியாவும் 2020இல் மூடிவிட்டது. சென்னையின் மிகப் பெரிய, மிக அதிகம் பேர் பார்த்த ஓவிய மரபு ஒரு தலைமுறைக்குள் அழிந்தது, அதில் நாலு துணியைச் சுருட்டி வைக்க ஓர் அறை இந்தப் பக்கம் இல்லை. எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இது. கலைக்கூடம் என்பது அழகுக்காக வைப்பது என்று நினைப்பவர்களிடம் நான் பேனரைத்தான் சொல்வேன். வைத்துக்கொள்ள இடம் இல்லாத மக்களின் கலைக்கு முதலில் மதிப்பு போகும், பிறகு பொருளும் போகும், கடைசியில் அப்படி ஒன்று இருந்ததா என்றே கேட்பார்கள்.

அருங்காட்சியகத்தின் படிக்கட்டு

எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. அதன் வளாகத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்து நம்பெருமாள் செட்டியார் கட்டிய சிவப்புக் கட்டடம் 1909இல் விக்டோரியா நினைவு மண்டபமாகத் திறந்து, பிறகு தேசியக் கலைக்கூடமானது. ரவிவர்மா படங்கள் அங்கே இருந்தன. கட்டடத்தின் நிலை சரியில்லை என்று பிற்காலத்தில் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது.

காணும் பொங்கலன்று வடக்கிலிருந்து குடும்பம் குடும்பமாக இங்கே வருவார்கள். கட்டுச்சோற்றோடு வந்து, டைனோசர் பொம்மைக்கு முன் படம் எடுத்துக்கொண்டு, வெண்கலச் சிலைகளைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மக்களுக்குக் கலையில் நாட்டமில்லை என்ற பேச்சை நான் ஏற்காததற்கு அந்தக் கூட்டம் போதும். பார்க்கும் ஆசை இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு ஒருநாள் விருந்தாளியாகப் போகும் இடத்தில், என் அப்பன் தீட்டிய பலகையும் இங்கே இருக்கலாமே என்ற எண்ணம் யாருக்கும் வருவதில்லை.

அண்மை ஆண்டுகள்

கடந்த பத்தாண்டில் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. இசை முந்திக்கொண்டது: 2018இல் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தின் ஆதரவில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறியபோது, சாவு வீட்டோடும் சந்துமுனையோடும் ஒதுக்கப்பட்டிருந்த கானா நகரத்தின் நடு மேடைக்கு வந்தது. புகைப்படமும் வந்தது. புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார் வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்துக் கற்றுத்தர, அவர்கள் எடுத்த வட சென்னைப் படங்கள் 2023இல் காட்சிக்கு வந்தன. வெளியாட்கள் கேமராவோடு வந்தால் ரவுடியையும் குப்பைமேட்டையும் தேடுவார்கள். இந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டையும் அம்மாவின் உழைப்பையும் நண்பர்களையும் எடுத்தார்கள். மாற்றம் தொழில்நுட்பத்தில் இல்லை, யார் எங்கே நின்று பார்க்கிறார்கள் என்பதில் இருந்தது.

சுவரோவியம் இன்னொரு வழி. தெற்கே கண்ணகி நகரில் 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை மறுகுடியமர்வுக் குடியிருப்பின் சுவர்களைத் தீட்டி, அதைக் கலை மாவட்டம் என்று அறிவித்தது. ஊரின் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்தவர்கள் படம் எடுக்க வந்தார்கள். அந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சுவரோவியம் பார்க்கக் கிடைப்பது, நடத்தக் கிடைப்பதில்லை. அடுத்து என்ன மாட்டலாம் என்று குடியிருப்பவர்கள் முடிவு செய்ய அதில் வழியில்லை. வெயிலில் நிறம் வெளுத்த பிறகு மறுபடி தீட்ட வெளியிலிருந்துதான் ஆள் வர வேண்டும். வடக்கே இதைப் பின்பற்ற நினைப்பவர்கள் சுவரோடு ஓர் அறையையும் கேட்டு வாங்க வேண்டும்.

பணமும் இப்போது பேச்சில் இருக்கிறது. 2024 மார்ச் மாதம் தங்கசாலையில் தொடங்கிவைக்கப்பட்ட வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு ரூ.4,181 கோடி என்றார்கள். குடிநீர், கழிவுநீர், மருத்துவமனை, குடியிருப்பு என்று அது போக வேண்டிய இடங்கள் நிறைய. அவை முதலில் நடக்கட்டும். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகத்தைப் பாருங்கள். படிக்க இடமில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மேசையும் நாற்காலியும் நூலகமும் கொடுக்கும் இடம் அது. பழைய படிப்பகத்தின் அரசு வடிவம் என்றே சொல்லலாம். இத்தகைய கட்டடங்களில் மாடிப்படிச் சுவரும் நடைகூடமும் வெறுமையாகவே இருக்கின்றன. அங்கே மாதம் ஒரு காட்சி வைக்கக் கோடிகள் தேவைப்படாது. கம்பியும் கொக்கியும் நாலு விளக்கும், பொறுப்பெடுக்க உள்ளூர்க் குழுவும் போதும்.

ஓர் அறை அமைந்தால்

வடக்கே கூடம் நடத்தப்போகிறவர்கள் தெற்கத்திக் கூடத்தின் நேரத்தை வைத்துக்கொண்டால் காலி நாற்காலிதான் மிஞ்சும். காலை பதினொன்றுக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடும் கூடத்துக்கு யார் வருவார்? காசிமேட்டில் ஏலம் விடியுமுன்பே தொடங்கிவிடும்; மீன்காரம்மா பகலெல்லாம் கூடையோடு அலைந்து மதியத்துக்குமேல்தான் உட்காருவார். கம்பெனிக்குப் போகிறவர் ஷிப்ட் முடிந்து வருவார். சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை, ஞாயிறு முழு நாள் என்பதே பொருந்தும்.

காற்றையும் தண்ணீரையும் யோசிக்க வேண்டும். கடலோரத்து உப்புக்காற்றில் ஆணியும் சட்டத்தின் பின்கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கும்; காகிதத்தில் பூஞ்சை வரும். துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் இறங்கிய காலத்தில் ராயபுரத்து வீடுகளில் துணி காயப்போட முடியாது, திண்ணையில் கறுப்பாகப் படியும். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு 2011இல் அது நின்றது. எண்ணூர், மணலிப் பக்கம் புகையும் சாம்பலும் இன்னும் தீரவில்லை. வெள்ளம் இன்னொன்று. 2015இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வியாசர்பாடி, புளியந்தோப்புத் தெருக்களில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்கள் தரைத்தளத்தில் ஒரு படத்தையும் அடுக்கி வைக்க மாட்டார்கள். காட்சி கீழே இருக்கலாம், சேமிப்பு மாடியில்தான். எதை வைத்தாலும் உடனே ஒரு டிஜிட்டல் பிரதி எடுத்து இன்னொரு இடத்திலும் வைக்க வேண்டும்.

வருமானத்துக்குப் பணிக்கரின் பாத்திக்குக்கு இணையான ஒன்றை இந்தப் பகுதியே தர முடியும். பேனர் தீட்டிய கைகள் இன்னும் சில இருக்கின்றன. கடைப்பலகை எழுத்தும், கல்யாண வீட்டுக்குக் கையால் வரைந்த உருவப்படமும், காபிக் கடைகளும் அலுவலகங்களும் இப்போது தேடும் பழைய பாணிச் சுவரெழுத்தும் கூடத்தின் வழியாக வேலையாக வந்தால், அதில் ஒரு பங்கு வாடகைக்குப் போகும். அந்தக் கலைஞரிடம் இரண்டு பிள்ளைகள் பழகவும் வழி பிறக்கும். பள்ளி விடுமுறைப் பயிற்சிக்குக் கட்டணம் வைக்கலாம், முடியாதவருக்கு இலவசம். நன்கொடையை மட்டும் நம்பினால் கொடுத்தவர் பெயர் பலகையில் ஏறும், அப்புறம் அவர் சொன்ன படம் சுவரில் ஏறும்.

சாவி விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். தனி ஒருவர் கையில் இருந்தால் அவர் வீடு மாறியதும் கூடமும் போகும். கட்சி ஆள் கையில் இருந்தால் தேர்தலுக்குத் தேர்தல் ஆள் மாறும். தெருவில் உள்ள வெவ்வேறு சாதி, மதக் குடும்பங்களிலிருந்து ஆறேழு பேர், அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், சங்கமாகப் பதிந்து, ஒவ்வொரு வாரமும் இருவர் முறைவைத்துத் திறப்பது நடக்கக்கூடிய காரியம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பணத்தையே இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் கையாளுகின்றன.

முதல் காட்சி எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன். வெளியிலிருந்து புகழ்பெற்றவரை அழைக்க வேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் வீடு வீடாகப் போய், தியேட்டர் வாசல் பேனருக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட குடும்பப் புகைப்படங்களைக் கேட்டு வாங்குங்கள். மூலத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, பிரதியைப் பெரிதாக்கி மாட்டுங்கள். ஒவ்வொன்றின் கீழும் பேனரைத் தீட்டியவரின் பெயரைக் கண்டுபிடித்து எழுதுங்கள். பெயர் தெரியாத இடத்தில் ஒரு கோடும் பக்கத்தில் ஒரு பேனாவும் வையுங்கள். பார்க்க வருகிறவர்களில் தெரிந்தவர் எழுதுவார்.